நிழலுக்கு அஞ்சிய குதிரை

நரியைப் பரியாக்கிய கதையை அறியாத தமிழர் இருக்க முடியாது. குதிரை வாங்கி வரும்படி பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் வாதவூரர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். ஆண்டவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். இரவானதும் அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. பக்தர்களுக்கு இது திருவிளையாடல். சரித்திரம் படிக்கிறவர்களுக்கோ இந்தக் கதையில் வேறு செய்தியும் இருக்கிறது. பாண்டிய நாட்டில் குதிரை என்பது கடல் கடந்து வரவேண்டிய பொருள். கஜானாவைக் காலி செய்யும் பொருள். கைக்கு வந்த பிறகும் நிலைத்து நிற்காத பொருள்.

மூன்றாவதாகச் சொன்னேனே, அதற்குச் சாட்சி சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. அவர் சீனாவிலிருந்து கடல் வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, சுமார் 1292-93இல், நம் கரையைத் தொட்டுச் சென்றார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலம் அது. தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் இருந்த காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து மரக்கலங்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்தவண்ணம் இருந்தன. அரசன் ஒருவன் மட்டுமே ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆனால் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ சொல்கிறார். பிரயாணிகள் எண்களைத் தாராளமாக வழங்குகிறவர்கள். ஆகவே கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். காரணங்களை மட்டும் அப்படித் தள்ள முடியாது. குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேக வைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவன் நாட்டில் இல்லையாம். வியாபாரிகள் அப்படிப்பட்டவனைத் தாங்களும் அழைத்து வருவதில்லை. வேறு யாரும் அழைத்து வருவதையும் விரும்புவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம் நடக்கும்!

இரண்டாவது சாட்சி, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாஃப். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று விலை பேசியிருந்ததையும், நடுக்கடலில் இறந்துபோன குதிரைக்குக்கூடப் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் கொடுக்க வேண்டியிருந்ததையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். அதைவிட முக்கியமானது, லாயத்தில் நடந்ததைப் பற்றி அவர் சொல்லுவது. கப்பலிலிருந்து இறங்கிய குதிரையை நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிப்போட்டு, வறுத்த தானியத்தையும் வெண்ணெயையும் காய்ச்சிய பாலையும் ஊட்டிக் கொழுக்க வைப்பார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல், திடீரென்று ஒரு நாள் அதன் முதுகில் ஏறி, பேய்போல விரட்டுவார்கள். காற்றாகப் பறந்த அரபுக் குதிரை கொஞ்ச காலத்துக்குள் சவுக்கடிக்கும் அசையாத மந்தப் பிராணியாகிவிடும்.

அன்பில்லாமல் செய்த காரியமா இது? இல்லை. வெண்ணெயும் பாலும் பகைவனுக்கு ஊட்டுகிற பொருளல்ல. தனக்கு எது விருந்தோ அதுவே குதிரைக்கும் விருந்து என்று எண்ணியவன் செய்த உபசாரம் அது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அந்தக் குதிரைகளைப் பாதி கொன்றிருக்கும் என்பது உண்மைதான். மீதிப் பாதியை, 'இது என்ன பிராணி? இதற்கு எது பயம், எது சுகம்?' என்று யாரும் கேட்காமல் இருந்தது கொன்றது.

இவ்வளவுக்கும் அந்தக் கேள்வி நம் தேசத்துக்குப் புதிதல்ல. அஞ்ஞாத வாசத்தில் பீமன் மடைப்பள்ளிக்குப் போனதையும் அர்ச்சுனன் நாட்டியம் கற்பித்ததையும் ரசித்துப் படிக்கிற நாம், கடைசித் தம்பிகள் இருவரையும் மறந்துவிடுகிறோம். நகுலன் விராட ராஜனுடைய லாயத்தில் குதிரைக்காரனாக அமர்ந்தான்; சகாதேவன் மாட்டு மந்தைக்குப் பொறுப்பேற்றான். குதிரையின் சுபாவத்தை அறிவதும் மாட்டின் குணத்தை அறிவதும் ராஜகுமாரர்கள் கற்கத் தகுந்த வித்தைகள் என்று பாரதம் கருதியிருக்கிறது. நகுலன் பெயரில் ஓர் அசுவ சாஸ்திரம்கூட வழங்குகிறது. ஆனால் ஏட்டில் இருக்கும் சாஸ்திரம் தானாக நடந்து லாயத்துக்குப் போவதில்லை. அங்கே அதை அறிந்த ஓர் ஆள் நிற்க வேண்டும்.

கிரேக்க நாட்டில் அப்படி ஓர் ஆள் நின்றார். அவர் பெயர் செனஃபோன். சாக்ரடீஸின் சீடர், போர்வீரர். பாரசீக நாட்டின் நடுவே தலைவர்களை இழந்து தவித்த பதினாயிரம் கிரேக்க வீரர்களைத் தாயகத்துக்கு மீட்டு வந்தவர்களில் முன்னின்றவர். இவ்வளவையும் பார்த்த அந்த மனிதர், முதுமையில், கி.மு. 360ஐ ஒட்டி, குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையின் அருகில் போகாதே என்பது அந்நூலின் முக்கியமான போதனைகளில் ஒன்று. குதிரை ஏதோ ஒரு பொருளைக் கண்டு மிரண்டால் அதை அடிக்கக் கூடாது. நீயே போய் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டி, பிறகு குதிரையை மெல்ல அழைத்துப் போ என்கிறார். அடித்தால் என்ன ஆகும்? அந்தப் பொருள்தான் தனக்கு வலியைக் கொடுத்தது என்று குதிரை முடிவு கட்டிவிடும். பயம் இரட்டிப்பாகும். பலவந்தத்தால் செய்விப்பதில் அறிவும் இல்லை, அழகும் இல்லை; நடனமாடுகிறவனைச் சாட்டையால் அடித்து ஆட வைப்பது போன்றதுதான் அது என்றும் அவர் எழுதினார். எத்தனையோ படைத் தலைவர்கள் சவுக்கை நம்பியிருந்த உலகத்தில் ஒரு படைத் தலைவரே இப்படிச் சொன்னார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்நூல் எழுதப்பட்ட பதினைந்து இருபது வருஷங்களுக்குள், பக்கத்து மாஸிடோனியாவில் உலகப் பிரசித்தமான அந்த நிகழ்ச்சி நடந்தது. அதை நமக்குச் சொல்லுகிறவர், நானூறு ஆண்டுகளுக்குப் பின்னால் வந்த புளூட்டார்க். பியூசிஃபலஸ் என்ற குதிரையை ஒரு வியாபாரி பிலிப் மன்னனிடம் கொண்டுவந்து 13 தாலந்து விலை சொன்னான். குதிரையோ கிட்டே வந்தவர்கள் அத்தனை பேரையும் உதைத்து விரட்டியது. இதைக் கொண்டுபோ என்று மன்னன் முகம் சுளித்தான். அருகில் நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை அலெக்ஸாண்டர், நல்ல குதிரையை அறியாமையால் இழக்கிறார்களே என்று முணுமுணுத்தான். தந்தை அவனை அதட்டினார். பிள்ளை பந்தயம் கட்டினான். பிறகு அவன் செய்தது மிக எளிய காரியம். கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையின் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான். அவ்வளவுதான். தன் முன்னால் தரையில் குதித்தாடிய நிழலைக் கண்டுதான் அது மிரண்டுகொண்டிருந்தது! திருப்பியதும் நிழல் பின்னால் போய்விட்டது. மெல்லத் தட்டிக் கொடுத்து, தோளில் இருந்த மேலங்கியைச் சத்தமில்லாமல் நழுவ விட்டு, ஒரே தாவில் ஏறி உட்கார்ந்தான்.

புளூட்டார்க் கதையை மெருகேற்றியிருக்கலாம். ஆனால் கதையின் உயிர் நிழலில் இருக்கிறது. அரசவை முழுவதும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்த்தவன் அந்தச் சிறுவன் ஒருவனே. அந்தக் குதிரை அவனைச் சுமந்து ஆசியாவைக் கடந்து, கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் உயிர்விட்டது. அதன் பெயரால் அங்கே ஒரு நகரத்தையே அவன் நிறுவினான்.

குதிரை, மாடு இரண்டுக்கும் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. ஏறக்குறையச் சுற்றிலும் நடப்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆகவேதான் பின்னாலிருந்து ஓசைப்படாமல் வருகிறவனை அவை உதைக்கின்றன. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி வந்த குலத்தில் பிறந்தவை அவை. எதையும் முதலில் கண்டு ஓடியவற்றின் சந்ததிதான் தழைத்தது. நின்று யோசித்தவை இரையாகிப் போயின. நாம் முரட்டுத்தனம் என்று பெயர் வைக்கும் குணத்தில் பெரும் பகுதி பயம். பயத்துக்கு அடி மருந்தாகுமா?

இந்தப் பாடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் மறுபடி ஒரு தடவை காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து விவசாயியின் மகன் ஜான் ராரி. 1827இல் பிறந்தவர். எந்தக் குதிரையையும் அடக்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு லண்டனுக்கு வந்து இறங்கினார். 1858இன் தொடக்கத்தில் விக்டோரியா ராணியின் முன்னிலையிலேயே தம் திறமையைக் காட்டினார். ஜனங்கள் மந்திரம் என்றார்கள், மருந்து என்றார்கள். அப்போது அவருக்கு விடப்பட்ட சவால்தான் குரூஸர் என்ற பந்தயக் குதிரை. டார்செஸ்டர் பிரபுவுக்குச் சொந்தமானது. மனிதர்களைக் கடித்துக் குதறும் அந்தக் குதிரையின் வாய்க்குக் கனத்த இரும்புக் கூடு போட்டு, தனிக் கொட்டடியில் அடைத்து வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அதன் முதுகில் யாரும் ஏறவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராரி அந்தக் கொட்டடிக்குள் நுழைந்தார். சுமார் மூன்று மணி நேரத்துக்குப் பின், அவரும் ஏறினார், பிரபுவும் ஏறினார்.

மர்மம் என்ன? ஒரு தோல் வார். குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டிவிடுவார். மூன்று காலில் நிற்கும் குதிரையால் ஓடவும் முடியாது, உதைக்கவும் முடியாது. பிறகு மற்ற முன்னங்காலையும் மடக்குவார். குதிரை போராடிப் போராடி, களைத்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். அப்போது ராரி அதை அடிக்க மாட்டார். தலை முதல் குளம்பு வரை தடவிக் கொடுப்பார், பேசுவார், எந்தப் பொருளைக் கண்டு அது பயந்ததோ அதை மோந்து பார்க்க விடுவார். தன் கதி முடிந்தது என்று குதிரை நினைத்த கணத்தில் அதற்குக் கிடைத்தது ஒரு மென்மையான கை. இந்த ரகசியத்தைத்தான் வெளியே சொல்வதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு, ஆளுக்குப் பத்துக் கினி கட்டணத்தில் பெரிய மனிதர்களுக்குக் கற்பித்தார். சில மாதங்களில் அவருடைய பழைய அமெரிக்கப் பிரசுரத்தை லண்டனில் ஒருவர் மலிவுப் பதிப்பாகப் போட்டதும் ரகசியம் சந்தைக்கு வந்துவிட்டது.

ராரியின் முறையை இன்று பரிசோதிக்கும்போது ஒரு சங்கடம் எழத்தான் செய்கிறது. களைத்து விழுந்த குதிரை கீழ்ப்படிந்ததா, நம்பிக்கை இழந்ததா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கட்டிய வாரை மட்டும் கற்றுக்கொண்டு, தடவிக் கொடுத்த கையைக் கற்காதவர்கள் எத்தனை பேரோ! ராரி மட்டும் குரூஸரை விடவில்லை. அமெரிக்காவுக்கே அழைத்துப் போனார். 1866இல், நாற்பது வயது நிறையுமுன்னே, அவர் காலமானார். குரூஸரைக் கடைசிவரை காப்பாற்ற அவர் ஏற்பாடு செய்திருந்தார். அவருக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் அது உயிர் வாழ்ந்தது. ஆனால் பழைய குணம் தலைகாட்டியது என்று சொல்வார்கள். அது உண்மையானால், குரூஸர் மனித குலத்தோடு சமாதானம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு மனிதரோடு மட்டும் செய்துகொண்டது என்று ஆகிறது.

குதிரைக் கதை இருக்கட்டும். மாட்டைப் பற்றி நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் அரண்மனைப் பசு மந்தைக்காக 'வெண்ணெய்ச் சாவடி' என்ற இலாகாவை அமைத்தார். ஹைதர் அலி அந்த மந்தையில் பால் வெண்ணெயைப் பார்க்கவில்லை; பீரங்கி இழுக்கும் கால்களைப் பார்த்தார். 1781இல் சிதம்பரத்தைக் காக்க அவர் இரண்டரை நாளில் நூறு மைல் விரைந்து வந்தது இந்த மாடுகளால்தான் என்று மைசூர் கெஸட்டியர் சொல்கிறது. திப்பு சுல்தான் இலாகாவின் பெயரை 'அமிருத மகால்' என்று மாற்றி, மேய்ச்சலுக்கும் பராமரிப்புக்கும் விவரமான ஒழுங்குகளை ஏற்படுத்தினார்.

அமிருத மகால் மாடு சாது அல்ல. காவல் என்று பெயர் பெற்ற பரந்த மேய்ச்சல் காடுகளில் பாதிக் காட்டு விலங்காக வளர்ந்தது. மேய்ப்பனைத் தெரியும், அந்நியனைக் கண்டால் சீறும். அதட்டி அடித்தால் படுத்துக்கொண்டு அசைய மறுக்கும் பிடிவாதமும் உண்டு. ஆகவே பழக்குகிறவர்கள் அவசரப்படவில்லை. உயர்ந்த வேலி போட்ட பட்டிக்குள் விட்டு, ஒன்று ஒன்றாகவே நுழையக் கூடிய குறுகிய வழியில் செலுத்தி, கயிறிட்டுக் கம்பத்தில் கட்டுவார்கள். ஆத்திரம் தணிந்த பிறகு, நன்கு பழகிய ஒரு பெரிய மாட்டோடு பிணைத்து விடுவார்கள். மிச்சப் பாடத்தை அந்தப் பெரிய மாடே கற்பித்துவிடும். புதுக் காளையை வயதான காளையோடு நுகத்தில் பூட்டுகிற நம் உழவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மந்தை கும்பெனியார் கையில் சிக்கியது. பிறகு பராமரிப்பு மைசூர் சர்க்காரிடம் போய், கவனிப்பாரின்றி மந்தை க்ஷீணித்தது. 1813இல் சென்னைப் படையின் காப்டன் ஹார்வி பொறுப்பேற்றுச் சில வருஷங்களில் அதை மீட்டார். 1860இல் சிக்கனம் என்ற பெயரால் மந்தையையே விற்றுவிட்டார்கள். இழுவை மாடு கிடைக்காமல் திண்டாடி, 1866இல் மறுபடி மந்தை சேர்க்கத் தொடங்கினார்கள்! மாடு போனால் வேறு மாடு வாங்கிவிடலாம் என்பது கணக்கெழுதும் மேஜையின் நினைப்பு. மாட்டோடு சேர்ந்து, அந்த மாட்டின் குணம் தெரிந்த மேய்ப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பதும் போய்விடுகிறது என்பது கணக்கில் வராத நஷ்டம்.

இப்போது இன்னொரு தடவை நிழலுக்குத் திரும்புவோம். 1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி, சிறு வயதில் ஆட்டிஸம் என்ற நிலையால் பேச்சு வராமல் தவித்தவர். வார்த்தைகளால் அல்ல, படங்களாலேயே தாம் யோசிப்பதாகச் சொல்கிறவர். 1970களில் அரிஸோனா மாகாணத்து மாட்டுப் பண்ணைகளில், குறுகிய நடைபாதைக்குள் போக மறுத்த மாடுகளை ஆட்கள் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். கிராண்டின் அந்தப் பாதைக்குள் தாமே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் குனிந்து பார்த்தார். தரையில் குறுக்கே விழுந்த ஒரு நிழல். தொங்கி ஆடும் ஒரு சங்கிலி. வேலியில் யாரோ போட்டுவிட்டுப் போன சட்டை. தண்ணீரில் மின்னும் வெளிச்சம். மாடுகளைத் தடுத்தவை இவைதாம்! அவற்றை நீக்கியதும் அடியில்லாமலே மாடுகள் நடந்தன. இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் ஒரு சிறுவன் கண்ட அதே நிழல்.

மாடு தன்னைச் சுற்றி ஓர் எல்லை வைத்திருக்கிறது என்பதையும் அவர் விளக்கிப் பரப்பினார். எல்லைக்கு வெளியே நின்றால் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும். எல்லைக்குள் ஓர் அடி வைத்தால் விலகி நடக்கும். ஒரேயடியாக உள்ளே பாய்ந்தால் வெருண்டு ஓடும், அல்லது திரும்பிப் பாயும். தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும். முன்னால் நின்றால் பின்னே வாங்கும். எந்த மேய்ப்பனும் அறிந்ததுதான். அவர் அதைப் படம் போட்டுக் காட்டினார். மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கும் நம் பெரியவர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே அமைந்த மாடுகள், அடைத்து நிறுத்தும்போது அதிகமாகப் பதறுகின்றன என்று 1995இல் அவரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் வெளியிட்டார்கள். சுழியால் குடும்பம் வாழும், தாழும் என்ற ஜோசியத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. மாட்டின் சுபாவத்துக்கு மட்டும் அது ஓர் அடையாளமாகலாம்.

கிராண்டின் திருத்தியமைத்த பாதைகளில் பல, கசாப்புக்கூடத்தில் போய் முடிகிறவை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயமல்ல. சாகப் போகிற பிராணி பயப்படாமல் போனால் என்ன, பயந்து போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கொல்லுவதே தவறு என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு தீரும்வரையில், அந்த மாட்டுக்கு இருப்பது அந்தச் சில நிமிஷங்கள்தாம். அவற்றைப் பீதியில்லாமல் கழிக்க ஒருவர் உதவினார் என்பதைச் சிறிய காரியமென்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒரு குதிரை. 1904இல் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. கூட்டல், கழித்தல் எதைக் கேட்டாலும் விடையைக் குளம்பால் தட்டும். அதன் எஜமானர் ஃபான் ஆஸ்டன் மோசடிக்காரர் அல்ல. தம் மாணவனின் மூளையை மனப்பூர்வமாக நம்பியவர். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் பொறுமையாகச் சோதித்து, 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை எட்டியதும், எதிரில் நின்றவரின் தலை அவர் அறியாமலே மயிரிழை அளவு அசையும். ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று நிரூபணமானதில் ஜனங்களுக்கு ஏமாற்றம். ஃபான் ஆஸ்டனுக்கோ தாளாத வருத்தம். அவர் 1909இல் காலமானார். என்னைக் கேட்டால், கணக்கைவிடப் பெரிய வித்தையை அந்தக் குதிரை செய்துகொண்டிருந்தது. பெரிய மேதைகள் கூடியிருந்த சபையில், அவர்களே அறியாத அவர்களுடைய அசைவுகளை அது படித்துக்கொண்டிருந்தது. நம் கையின் நடுக்கம், நடையின் அவசரம், மூச்சின் கோபம் எல்லாம் லாயத்திலும் தொழுவத்திலும் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் படிக்கப்படுகின்றன.

காயல் துறையில் இறங்கிய அரபுக் குதிரைகளும் தங்களைக் கட்டியவர்களை அந்த நாற்பது நாளும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். தலைக்கு 220 தினார் கொடுத்தவர்களில் ஒருவராவது பதிலுக்கு அவற்றைப் படித்திருந்தால், பாண்டியனுடைய கஜானாவும் பிழைத்திருக்கும், குதிரைகளும் பிழைத்திருக்கும்.